சோழவரம் விமானத்தளம்

சோழவரம் விமானத்தளம், திருவள்ளூர் மாவட்டம் சோழவரத்தில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருந்த இரண்டாம் உலகப்போர்க் கால இராணுவ விமானத்தளம். போர் முடிந்தபின் கைவிடப்பட்ட இதன் ஓடுதளம், 1950-களிலிருந்து சுமார் 35 ஆண்டுகள் இந்தியாவின் முதன்மையான மோட்டார் பந்தயத் திடலாக விளங்கியது.

தளம் உருவான சூழலை 1942 ஏப்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். அம்மாதம் 5-ஆம் தேதி கொழும்பையும் 9-ஆம் தேதி திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. இடையில் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்ற பீதியில் நகரமே காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. கிழக்குக் கடற்கரையைக் காக்கப் பிரிட்டிஷார் தமிழகத்தில் பல விமானத்தளங்களைப் பயன்படுத்தினர். காரைக்காலுக்கு மேற்கே டெல்டாவில் தஞ்சாவூர்த் தளம் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் வெலிங்டன் விமானங்களுக்கு உதவியது. சென்னைக்கு வடக்கே சோழவரம்.

1944-இல் பிரிட்டிஷ் விமானப் படையின் 27, 47-ஆம் ஸ்குவாட்ரன்கள் பியூஃபைட்டர் விமானங்களுடன் இங்கே தங்கின. இரட்டை எஞ்சின், இருவர் மட்டுமே செல்லும் போர் விமானம் அது. மூக்குக்குக் கீழே நான்கு 20 மி.மீ. பீரங்கிகள். கடலில் தாழப் பறந்து எதிரிக் கப்பல்களைத் தாக்குவதே இவற்றுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. ஆனால் போரின் கனம் பர்மா பக்கம் சாய்ந்துவிட்டது. 27-ஆம் ஸ்குவாட்ரன் அதே ஆண்டில் அகர்தலா சென்றது. 1945-இல் போர் முடிந்தது. சோழவரத்துக்கும் வேலை இல்லாமல் போனது. நிலம் இராணுவத்தின் வசமே இருந்தது.

வெறிச்சோடிய ஓடுதளத்துக்கு மறுவாழ்வு தந்தவர்கள் பந்தய ஆர்வலர்கள். 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இராணுவத்தின் அனுமதியோடு இங்கே போட்டிகளை நடத்தியது. இரண்டு ஓடுதளங்கள் சேர்ந்து ஆங்கில ‘T’ எழுத்தைப் போலக் கிடந்ததால் பந்தயப் பாதையும் அதே வடிவம். நீண்ட நேர்கோட்டில் முழுவேகத்தில் வருபவர், முனையில் சட்டென்று பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டும். விமானம் இறங்கப் போட்ட தரை பந்தய டயர்களுக்குப் பதமானதல்ல. பிரேக்கையும் டயரையும் பாதுகாத்து ஓட்டத் தெரிந்தவருக்கே வெற்றி என்பதால், சோழவரம் ஓட்டுநரை மட்டுமல்லாமல் மெக்கானிக்கையும் சோதித்தது. பெரிய தொழிற்சாலைகளின் துணையின்றி, கிடைத்த உதிரிபாகங்களைக் கொண்டு உள்ளூர்ப் பட்டறைகளில் வண்டிகளைத் தேற்றிய மெக்கானிக்குகளின் பங்கு இந்த வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடந்த அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும், இலங்கையிலிருந்தும் வீரர்கள் வந்தனர். ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நின்று பார்த்தனர். கோண்டல் அரச குடும்பத்தவர், விஜய் மல்லையா, கோவையின் எஸ்.கரிவரதன் ஆகியோர் இங்கே ஓட்டியவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். மல்லையா 1980-களில் என்சைன் ஃபார்முலா ஒன் காரையே இந்தத் தரையில் ஓட்டினார். கரிவரதனின் பங்கு இன்னும் ஆழமானது. பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்து, இளைஞர்களுக்கு எட்டும் விலையில் கிடைக்கச் செய்த அவரை இந்திய மோட்டார் பந்தயத்தின் அடித்தளம் என்றே சொல்லலாம். 1995-இல் அவர் மறைந்தார்.

இராணுவ நிலத்தில் நிரந்தரக் கட்டடமோ பாதுகாப்புத் தடுப்போ எழுப்ப வழியில்லை. ஆகவே கிளப் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலம் வாங்கி, 1990-இல் சுமார் 3.7 கி.மீ. நீளப் பந்தயத் தடத்தைத் திறந்தது. சோழவரத்தின் பந்தயக் காலம் அத்தோடு முடிந்தது.

தஞ்சாவூர்த் தளம் 2013-இல் இந்திய விமானப் படைத் தளமாகப் புத்துயிர் பெற்றது; 2020 முதல் அங்கே சுகோய்-30 ஸ்குவாட்ரன் இயங்குகிறது. சோழவரத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. இங்கே வண்டி ஓட்டியவர்களும் எஞ்சின் பிரித்துக் கோத்தவர்களும் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளையும் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் புகைப்படங்களையும் தமிழக அருங்காட்சியகத் துறையும் மோட்டார் கிளப்புகளும் தாமதிக்காமல் சேகரித்து வைக்க வேண்டும்.