இடைக்காலக் கோட்டைகளின் அளவுரு மாதிரியாக்கம்

ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டைகளில் உள்ள மதில், கொத்தளம், ஞாயில், அம்புத்துளை ஆகிய உறுப்புகளை, மாற்றத்தக்க அளவுகளாலும் அவ்வளவுகளைப் பிணைக்கும் விதிகளாலும் கணினியில் விவரிக்கும் முறை அளவுரு மாதிரியாக்கம் எனப்படும். சுவரின் தடிமன், கொத்தளத்தின் விட்டம் போன்றவை அளவுருக்கள். அவற்றுள் ஒன்றை மாற்றினால் அதனைச் சார்ந்த உறுப்புகள் அனைத்தும் தாமே மாறியமையும்.

இம்முறைக்கு எளிதில் வசப்படுவது, பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 13ஆம் நூற்றாண்டில் தென்னித்தாலியில் எழுப்பிய காஸ்தெல் தெல் மோந்தே. எண்கோண முற்றம், அதனைச் சூழத் தளத்திற்கு 8 சரிவக அறைகள், மூலைதோறும் ஓர் எண்கோணக் கொத்தளம் என அமைந்த அதன் தரைத்திட்டத்தின் சட்டகத்தைச் சில எண்களைக் கொண்டே வரைந்துவிடலாம். இத்தகைய ஒழுங்கு மிக அரிது. பெரும்பாலான கோட்டைகள் பல நூற்றாண்டுகளாக இடித்தும் கூட்டியும் கட்டப்பட்டமையால், அவற்றில் இணையான இரு சுவர்களைக் காண்பதே கடினம்.

ஆகவே பணி அளவெடுப்பில் தொடங்குகிறது. லேசர் வருடியாலும், பல கோணப் படங்களிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஒளிப்பட அளவியலாலும், கட்டடப் பரப்பின் கோடிக்கணக்கான இடங்களைக் குறிக்கும் புள்ளித்திரள் பெறப்படுகிறது. அதன்மீது அளவுரு உறுப்புகளைப் பொருத்தி, கட்டுமானப் பொருள், காலம், சிதைவு பற்றிய தகவல்களையும் இணைக்கும் மரபுக் கட்டடத் தகவல் மாதிரி என்னும் கருத்தை டப்ளினில் மாரிஸ் மர்பியும் உடனாய்வாளர்களும் 2009இல் முன்வைத்தனர்.

வட இத்தாலியின் சோந்திரியோ நகரிலுள்ள மசேக்ரா கோட்டையில் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையின் எல்லையையே சோதித்தனர். வழக்கமான மென்பொருளின் ஆயத்த உறுப்புகள் அங்குள்ள ஒழுங்கற்ற வளைவுக் கூரைகளுக்குப் பொருந்தாமையால், புள்ளித்திரளைத் தழுவிச் செல்லும் நெகிழ்வளைவுப் பரப்புகளிலிருந்து தடிமன் கொண்ட உறுப்புகளை உருவாக்கி, அவற்றைக் கட்டமைப்பு வலிமைக் கணிப்புக்கும் பயன்படுத்தினர். சாய்வையும் பிதுக்கத்தையும் நேராக்கிக் காட்டும் மாதிரி பார்வைக்கு நேர்த்தியாக இருக்கலாம்; எனினும் பாதுகாப்புப் பொறியாளர் தேடும் செய்தியையே அது அழித்துவிடுகிறது.

இடிந்துபோன ஞாயில் வரிசையைக்கூட விதியொன்று நொடியில் நிரப்பிவிடும் என்பதால், சான்றுடையதையும் ஊகத்தையும் வேறுபடுத்திக் காட்டுவது இத்துறையில் இன்றியமையாதது. பண்பாட்டு மரபின் கணினிவழிக் காட்சிப்படுத்தலுக்கென 2006இல் உருவான லண்டன் சாசனம் இதனை வலியுறுத்துகிறது. ஒவ்வோர் உறுப்பிலும் அது அளந்ததா, எச்சத்திலிருந்து உய்த்துணர்ந்ததா, ஒப்புமையால் கருதியதா எனப் பதிந்து வைக்க அளவுரு மாதிரி இடந்தருகிறது.