திருக்கோணமலையின் பெயர் தாங்கிய தேக்குக் கப்பல்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்குள்ள பழைய கப்பல்துறை ஒன்றில் மூன்று பாய்மரங்களுடன் ஒரு மரப் போர்க்கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. ஈழத்துத் திருக்கோணமலையை ஆங்கிலேயர் அழைத்த பெயர்தான் அது. 1782-இல் அத்துறைமுகத்துக்கு அருகே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்போரின் நினைவாக இப்பெயர் சூட்டப்பட்டது.

1817-இல் மும்பையில் கட்டப்பட்ட இக்கப்பலே இன்றும் நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது. நெல்சனின் 'விக்டரி' இதற்கு மூத்ததுதான். ஆனால் அது 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் நிற்கிறது. டிரிங்கோமலி பெரிய போர் எதிலும் பேர் வாங்கவில்லை. இருநூறு ஆண்டுகள் அது மக்கிப் போகாமல் இருந்ததே அதன் வரலாறு. அந்த வரலாற்றில் ஆயுதங்களைவிட ஆணிக்கும் கீலுக்கும் கூரைக்கும்தான் வேலை அதிகம்.

மும்பையில் பிறப்பு

நெப்போலியனுடன் நடந்த நீண்ட போரில் பிரித்தானியக் கடற்படைக்கு ஓக் மரம் போதவில்லை. எனவே சில கப்பல்களை இந்தியாவில் தேக்கில் கட்டிக்கொள்ள முடிவு செய்தனர். மும்பைக் கப்பல் கட்டும் தளம் அப்போது வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. டிரிங்கோமலியைக் கட்டியவர் அக்குடும்பத்தின் தலைமைத் தச்சரான ஜம்செட்ஜி போமன்ஜி வாடியா. தேக்கு மலபார்க் காடுகளிலிருந்து வந்தது.

கப்பலின் வரைபடங்கள் 1812-இல் 'ஜாவா' என்னும் போர்க்கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று, பிரேசில் கரைக்கு அப்பால், அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' அதனை வீழ்த்தியது. வரைபடங்களும் போயின. மறுபடி வரைந்து அனுப்பி, 1816-இல் அடிக்கட்டை வைத்து, 1817 அக்டோபர் 12 அன்று கப்பலை நீரில் இறக்கினர். 1819 ஏப்ரல் 30 அன்று அது போர்ட்ஸ்மவுத்தை அடைந்தபோது நெப்போலியன் செயிண்ட் ஹெலினாத் தீவில் கைதியாக இருந்தார். போருக்காகக் கட்டிய கப்பலுக்குப் போர் இல்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அது துறைமுகத்திலேயே ஒதுக்கி வைக்கப்பட்டது.

மரக்கப்பல் எப்படிக் கெடுகிறது?

அக்கால மரக்கப்பலின் உடல், அடிக்கட்டை, அதிலிருந்து விலா எலும்புகள்போல் எழும் வங்குகள், அவற்றின் மேல் அறைந்த பலகைகள் ஆகியவற்றால் ஆனது. பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடுக்குகளில் பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரை முறுக்கி, உளியும் சுத்தியலும் கொண்டு திணித்து, மேலே காய்ச்சிய கீலை ஊற்றுவர். தமிழில் இவ்வேலைக்குக் 'கலப்பத்து' என்று பெயர். கப்பல் அலையில் அசையும். மரம் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இடுக்கில் திணித்த நார் தளரும். ஆகவே கலப்பத்து ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று.

கடல்நீரில் மரத்துக்கு முதல் எதிரி கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிரி. மரத்தைக் குடைந்து உள்ளே வாழும். இதைத் தடுக்க நீருக்கு அடியிலுள்ள பகுதி முழுவதும் செப்புத்தகடு போர்த்தினர். செம்பு போர்த்தியதும் புதிய சிக்கல் எழுந்தது. செம்பும் இரும்பும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் மின்வேதி வினையால் இரும்பு அரிக்கப்படும். பலகைகளைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் உள்ளே கரைய, வெளியே பார்வைக்கு நன்றாயிருந்த கப்பல்கள் நடுக்கடலில் பிளந்தன. அதன் பிறகே நீருக்குக் கீழே செப்பு ஆணிகளும் செப்புக் கலவை ஆணிகளும் வழக்கத்துக்கு வந்தன.

கடல்நீரைவிட மழைநீர் மரக்கப்பலுக்குக் கெடுதல் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உப்பு ஏறிய மரத்தில் பூஞ்சை எளிதில் வளராது. தளத்தின் இடுக்கு வழியாக இறங்கும் நன்னீர் வங்குகளின் தலையிலும் உத்தரங்களின் முனையிலும் தேங்கும். காற்றோட்டம் இல்லாத இடங்களில் பூஞ்சை பிடித்து மரம் பஞ்சாகும். இதனால்தான் ஒதுக்கி வைத்த கப்பல்களின் பாய்மரங்களை இறக்கிவிட்டு, தளத்தின் மேல் வீட்டுக்குப் போடுவதுபோல் கூரை போடும் வழக்கம் இருந்தது. அதன் பயனை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இன்றும் காணலாம். 1824-இல் நீரில் இறக்கிய 'யூனிகார்ன்', டிரிங்கோமலியின் அதே வகைக் கப்பல். தேக்கில் அல்லாமல் ஓக்கில் கட்டியது. அது பாய் விரித்துப் போருக்குப் போகவே இல்லை. தொடக்கத்தில் போட்ட கூரையோடு நிற்கும் அக்கப்பலில் பெரும்பகுதி பழைய மரமே.

இன்னொரு கேடு மெதுவாக வருவது. கப்பலின் நடுப்பகுதி அகன்றது. நீர் அதனை மேலே தூக்கும். அணியமும் பின்புறமும் குறுகலானவை. அங்கே நீரின் தாங்கல் குறைவு, சுமை அதிகம். ஆண்டுகள் செல்லச் செல்ல இரு முனைகளும் தாழ்ந்து அடிக்கட்டை நடுவில் மேல்நோக்கி வளையும். முன்பு சொன்ன கான்ஸ்டிடியூஷனில் இவ்வளைவு ஓரடிக்கும் மேல் இருந்தது. 1992 முதல் 1995 வரை பாஸ்டன் உலர்துறையில் நடந்த வேலையில்தான் அதனை நிமிர்த்தினர். அப்படியானால் உலர்துறையிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். விக்டரியின் கதை அதற்கு விடை. நீரின் தாங்கல் இல்லாமல் எஃகுத் தாங்கிகளின் மேல் பல பத்தாண்டுகள் உட்கார்ந்த அதன் உடல் தன் எடையாலேயே தொய்ந்தது. அண்மையில் அதற்கு 134 புதிய முட்டுகள் கொடுக்க வேண்டியதாயிற்று.

இவற்றில் தேக்குக்கு இரண்டு நன்மைகள் உண்டு. தேக்கிலுள்ள எண்ணெய் பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கிறது. ஓக்கிலுள்ள புளிப்புத் தன்மை இரும்பை அரிக்க, துருப்பிடித்த ஆணியைச் சுற்றி மரமும் கறுத்து இளகும். தேக்கில் இத்தொல்லை மிகக் குறைவு.

ஒரே மனிதரின் மூன்று கப்பல்கள்

1847-இல் டிரிங்கோமலி 26 பீரங்கிகளுடன் மீண்டும் பணிக்கு வந்தது. முதலில் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் இருந்தது. நீராவிக் காலம் வந்துவிட்டதால் பிறகு அது பயிற்சிக் கப்பலாகி, 1897-இல் உடைப்பதற்காக விற்கப்பட்டது.

அங்கே ஜெஃப்ரி வீட்லி காப் என்னும் செல்வர் குறுக்கிட்டார். நெல்சனின் கொடிக்கப்பல்களுள் ஒன்றான 'ஃபூட்ராயன்ட்' ஜெர்மானிய உடைப்பாளர்களிடம் போயிருந்ததை 1892-இல் விலை கொடுத்து மீட்டவர் அவர். அதனைச் செப்பனிட்ட செலவை ஈடுகட்டக் கடற்கரை ஊர்களில் காட்சிக்கு வைத்தார். 1897 ஜூன் 16 அன்று பிளாக்பூலில் வீசிய புயலில் அது கரையில் மோதி அழிந்தது. வேறொருவராக இருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார். காப் உடைப்பாளரிடமிருந்த டிரிங்கோமலியை வாங்கி, அதற்கு இழந்த கப்பலின் பெயரையே வைத்து, சிறுவர்களுக்கான பயிற்சிக் கப்பலாக்கினார். திருக்கோணமலையின் பெயர் தொண்ணூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் மறைந்திருந்தது இதனால்தான்.

1912-இல் கடற்படை அவருக்கு இன்னொரு பழைய கப்பலையும் ஒப்படைத்தது. அது 'இம்ப்ளாக்கபிள்', 1800-இல் பிரான்சில் கட்டப்பட்டு, டிரஃபால்கர் போரில் பிரெஞ்சு அணியில் நின்று, சில நாட்களுக்குப் பின் ஆங்கிலேயரிடம் பிடிபட்டது. 74 பீரங்கிகள் தாங்கிய பெரிய கப்பல், ஓக் மரம். 1931-இல் காப் மறைந்தார். அடுத்த ஆண்டு இரண்டும் போர்ட்ஸ்மவுத்துக்கு வந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அருகருகே நின்று பயிற்சிக்குப் பயன்பட்டன.

போர் முடிந்தபோது இம்ப்ளாக்கபிளின் நிலை மோசமாகிவிட்டது. பொதுமக்கள் நன்கொடையால் 1920-களில் அதற்குப் பெரிய பழுதுபார்ப்பு நடந்திருந்தும், போர்க்காலத்தில் பராமரிப்புக்கு ஆளும் இல்லை, மரமும் இல்லை. குண்டுவீச்சில் இடிந்த வீடுகளையே கட்டி முடிக்காத நாட்டில் பழைய கப்பலுக்குப் பணம் கேட்பது எளிதன்று. பிரான்சுக்கு அதனைக் கொடுக்க முன்வந்தார்கள், பிரான்சும் மறுத்தது. 1949 டிசம்பர் 2 அன்று, பிரெஞ்சுக் கொடியும் ஆங்கிலக் கொடியும் சேர்ந்து பறக்க, ஒயிட் தீவுக்கு அப்பால் இழுத்துச் சென்று வெடிவைத்தனர். வெடித்த பின்னும் அது உடனே மூழ்கவில்லை. அதன் பின்புறச் சிற்ப வேலைப்பாடும் அணியத்துச் சிலையும் மட்டும் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பக்கத்தில் நின்ற தேக்குக் கப்பல் பிழைத்தது. தேக்குதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி உண்மை என்றே எனக்குப் படுகிறது. டிரிங்கோமலி அளவில் சிறியது, செலவு குறைவு. அதைவிட முக்கியமாக, அதில் சிறுவர்கள் தொடர்ந்து தங்கினார்கள். ஆள் புழங்கும் கப்பலில் ஒழுகும் இடம் அன்றே கண்ணில் படும்.

இம்ப்ளாக்கபிளின் முடிவு பலரை உறுத்தியது. 'கட்டி சார்க்' என்னும் தேயிலைக் கப்பலைக் காக்க 1952-இல் சங்கம் அமைந்ததற்கு இந்த உறுத்தலும் ஒரு காரணம் என்பர். பழைய கப்பல்களைக் காக்கப் பின்னர் தோன்றிய உலகக் கப்பல் அறக்கட்டளை, 'இம்ப்ளாக்கபிள், இனி ஒருபோதும் கூடாது' என்பதையே தன் முழக்கமாகக் கொண்டது.

ஹார்ட்டில்பூல் பணி

1986-இல் பயிற்சிப் பணி நின்றது. 1987-இல் கப்பலை ஒரு மிதவைப் படகின் மேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டு சென்றனர். இரும்புப் போர்க்கப்பலான 'வாரியர்' அவ்வூரில்தான் எட்டாண்டுகள் செப்பனிடப்பட்டு அப்போது வெளியேறியிருந்தது. கப்பல் கட்டும் தொழில் நலிந்து வேலையிழந்த ஊர் அது. கைத்திறன் மட்டும் மிச்சமிருந்தது. 1990-இல் தொடங்கிய பணி 2001-இல் முடிந்தது. இடையே 1992-இல் டிரிங்கோமலி என்ற பழைய பெயர் மீண்டும் சூட்டப்பட்டது.

இத்தகைய பணியில் ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்து, துளையிட்டுச் சோதித்து, எதை வைப்பது எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஓர் உத்தரத்தின் முனை மட்டும் கெட்டிருந்தால் அம்முனையை வெட்டிப் புதுத்துண்டை ஒட்டுவதா, உத்தரத்தையே மாற்றுவதா? ஒட்டுவதற்குக் காலமும் கூலியும் அதிகம்; மாற்றுவது எளிது, ஆனால் அப்படியே மாற்றிக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுவது பெயர் மட்டும்தான். கான்ஸ்டிடியூஷனில் இன்றுள்ள மூல மரம் பத்து முதல் பதினைந்து விழுக்காடு என மதிப்பிடுகின்றனர். டிரிங்கோமலியில் பாதிக்கும் மேற்பட்டது 1817-இல் மும்பைத் தச்சர்கள் பொருத்திய தேக்கே.

இப்போது அது கடற்படை அருங்காட்சியகத்தின் பகுதி. உள்ளே இறங்குவோர் அந்த வங்குகளைத் தொட்டுப் பார்க்கலாம். தளத்தில் கலப்பத்து வேலையும் ஓயவில்லை. வடகடல் மழை இன்னும் இடுக்கைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.