முன்றில் நெருப்பும் புலவர் கையும்

விருத்தாசலம் சூளைகளின் ஊர். பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் தீயில் வெந்து உருப்பெறும் இம்மண்ணிலிருந்து சங்கநூல்களைப் பயில்வோர், அவற்றுள் ஊன் வேகும் நெருப்பைக் காணாது கடந்துவிட இயலாது.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடியிருப்பொன்றைக் காட்டுகிறார். பார்வைமான் கட்டிய விளாமரத்து நிழலில், முன்றிலிலேயே நிலத்தைக் குழித்த உரல். அதில் எயிற்றியர் புல்லரிசி குற்றுகின்றனர். உவர்நீர் முகந்து, வாய் சிதைந்த பழம்பானையை முரிந்த அடுப்பில் ஏற்றிச் சோறாக்குகின்றனர். உலர்ந்த இறைச்சியோடு கூடிய அச்சோறு, வழிவந்த பாணர் சுற்றத்துக்குத் தேக்கிலையில் குவித்து அளிக்கப்படுகிறது. பானையும் அடுப்பும் உடைந்த வீடு அது என்பதை மறத்தலாகாது.

அரண்மனையிலோ நிலை வேறு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் ஊட்டுகிறான். அறுகம்புல் தின்று கொழுத்த ஆட்டின் தொடைக்கறி வெந்து வருகிறது. காழில் கோத்துச் சுட்ட ஊனும் வருகிறது. சூடு தாளாமல் பொருநன் அதனை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றித் தின்கிறான். நாள்தோறும் தின்று, உழுத கொழுவைப்போல் பற்கள் தேய்ந்து, ஊருக்குச் செல்ல விடை கேட்கிறான். முடத்தாமக்கண்ணியார்க்கு நகைச்சுவை நன்கு கைவந்திருக்கிறது!

இவற்றினும் நுட்பமானது புறநானூற்றின் 14ஆம் பாட்டு. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றி, அது மென்மையாக இருக்கிறதே என்றான். களிற்றை அடக்கியும் வில் வளைத்தும் மன்னன் கை வன்மை பெற்றது. பாடுவோர் கையோ, பூமணம் கமழும் புகையூட்டிய ஊனையும் சோற்றையும் உண்ணும் தொழிலன்றிப் பிற அறியாது என்றார் கபிலர். தம்மை அந்தணன் என்றே பாட்டில் கூறிக்கொண்டவர் அவர். ஊனுணவைச் சொல்ல அவர் நாணவில்லை. புலவனுக்குரிய ஊதியமாகவே அதைச் சொன்னார்.

பின்னர்க் காலம் மாறிற்று. திருக்குறள் புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரம் வகுத்தது. சமணமும் சைவமும் அந்நெறியை வளர்த்தன. ஊன் சமைத்த முன்றில்கள் அழியவில்லை. அவற்றைப் பாடுவது மட்டும் அருகிற்று. பாணரின் விருந்தை விரித்துரைக்கக் கூசும் உரையாளர் இன்றும் உளர்.

உ.வே.சாமிநாதையர் கூசவில்லை. சைவ மடத்தின் அரவணைப்பில் தமிழ் கற்றவர் அவர். பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் அச்சிட்டபோது, கரிகாலன் ஊட்டிய ஊனும் கபிலர் உண்ட ஊனும் ஏடுகளில் கண்டவாறே அப்பதிப்புகளில் இடம்பெற்றன.