இரண்டு நாட்டிலும் "அந்த நாட்டுக்காரன்"

பேஸ்போல் நமக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. ஆனாலும் வொலி யொனமினேயின் கதை நம்மவர்களும் அறிய வேண்டிய ஒன்று என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1925இல் ஹவாயின் மாவி தீவில் பிறந்தவர். வாப்பா ஒகினாவாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர், உம்மாவின் பூர்வீகம் ஹிரோஷிமா. 1947இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு அமெரிக்கன் ஃபுட்போல் ஆடினார். போர் முடிந்து இரண்டே வருடம்! ஜப்பானிய முகத்தோடு அந்த மைதானத்தில் இறங்க எவ்வளவு துணிவு வேண்டும், யோசித்துப் பாருங்கள். மணிக்கட்டு முறிந்ததில் அந்தப் பாதை அடைபட்டது. பிறகு பேஸ்போல். 1950இல் சோல்ட் லேக் சிட்டியில் கீழ்நிலை லீக்கில் ஆடியவரை, லெஃப்டி ஓடூல் என்ற அனுபவசாலி ஜப்பானுக்குப் போகச் சொன்னார்.

1951இல் டோக்கியோவின் யோமியுரி ஜயன்ட்ஸ் அணியில் வெளிக்களத் தடுப்பாளராகச் சேர்ந்தார். நாடு அப்போது அமெரிக்க இராணுவத்தின் பிடியில். முகம் ஜப்பானியன், பேச்சு அமெரிக்கன். ஜப்பானிய மொழி சரியாக வராது. பார்வையாளர் பலருக்கு அவர் துரோகியாகத் தெரிந்தார். "ஹவாய்க்கே திரும்பிப் போ" என்று கத்தினார்கள், கல்லும் எறிந்தார்கள்.

அவர் ஆடிய முறையும் அவர்களுக்குப் புதிது. முதல் தடவை துடுப்பெடுத்தபோதே பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடி முதல் தளத்தைப் பிடித்துவிட்டார். இன்னொன்றைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டாம் தளத்தில் நிற்கும் தடுப்பாளர் பந்தைப் பிடித்து ஒருவரை ஆட்டமிழக்கச் செய்து, உடனே முதல் தளத்துக்கு எறிந்து அடுத்தவரையும் வீழ்த்துவார். அவர் எறிய முடியாதபடி யொனமினே சறுக்கிக்கொண்டே போய் மோதுவார். அங்கே மரியாதையாக ஒதுங்குவதுதான் வழக்கம். அதனால் "அநாகரிகம்" என்றார்கள். சில வருடங்களில் மற்றவர்களும் அதே மாதிரி ஓடத் தொடங்கியது வேறு கதை.

1954, 1956, 1957 என மூன்று தடவை லீக்கின் சிறந்த துடுப்பாட்ட சராசரி அவருடையது. 1957இல் லீக்கின் மிகச் சிறந்த வீரரும் அவரே.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். 1960 பருவம் முடிந்ததும் ஜயன்ட்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. அணியின் புதிய முகாமையாளர் கவகாமி, பல வருடம் கூட ஆடியவர், துடுப்பாட்டத்தில் போட்டியாளரும்கூட. யொனமினே நாகோயாவின் சுனிச்சி ட்ரகன்ஸுக்குப் போனார். பிற்காலத்தில் அந்த அணிக்கே முகாமையாளரானார். கவகாமியின் ஜயன்ட்ஸ் 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஒன்பது வருடம் சம்பியன். 1974இல் அந்தத் தொடரை முறித்தது யார் தெரியுமா? யொனமினேயின் ட்ரகன்ஸ்! கவகாமியும் அந்த வருடத்தோடு பதவியை விட்டார்.

1994இல் ஜப்பானிய பேஸ்போல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. டோக்கியோவின் ரொப்போங்கியில் மனைவியோடு முத்துக் கடையும் நடத்தினார். 2011இல் ஹவாயில் காலமானார், 85 வயது.