கூட்டத்தில் நின்றவர்கள் யார்?

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் சிறுவர்க்குக் கதை வாசித்துக் காட்டும் வழக்கம் எமது பங்கில் சில ஆண்டுகளாக உண்டு. புனிதர் வரலாறு, விவிலியக் கதை, நாட்டுப்புறக் கதை எனப் பலவும் அதில் இடம்பெறும். அண்மையில் ஒரு ஞாயிறன்று நாம் கையிலெடுத்தது ஓர் ஆங்கிலப் படப் புத்தகம். ராபர்ட் கோல்ஸ் என்னும் குழந்தை மனநல மருத்துவர் எழுத, ஜார்ஜ் ஃபோர்டு என்னும் ஓவியர் நீர்வண்ணத்தில் படம் தீட்ட, 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘ரூபி பிரிட்ஜஸின் கதை’ என்பதே அது. படங்களைக் காட்டிக்கொண்டே கதையைத் தமிழில் சொல்லிவந்தோம். பிள்ளைகள் அசையாமல் கேட்டனர். கதை முடிந்ததும் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

“ஃபாதர், அந்தப் பிள்ளையப் பாத்துக் கத்துனாங்கள்ல, அவங்கல்லாம் கோயிலுக்குப் போறவங்களா?”

அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி அவளை அமரச் செய்தோம். உண்மையில் விடை எமக்கு ஓரளவு தெரியும். அதைப் பிள்ளைகள் முன் சொல்லத் துணிவு வரவில்லை என்பதே மெய். அந்த வாரம் முழுவதும் எம்மைத் தொடர்ந்து வந்த அவ்வினாவின் வழியே சிறுவர் நூல்களையும் வரலாற்றையும் பற்றிச் சிலவற்றைச் சிந்திக்க விழைகிறோம்.

ஒற்றை மாணவியின் வகுப்பறை

லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு நிறப்பிரிவினையின் வரலாற்றில் தனியிடம் உண்டு. 1892இல் வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்ட இரயில் பெட்டியில் அமர்ந்த குற்றத்துக்காக ஹோமர் பிளெஸி என்பவர் கைது செய்யப்பட்டது அங்கேதான். அவ்வழக்கில்தான் 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இடம் தனித்தனியாக இருந்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நிழலில் இரு தலைமுறைகள் தனித்தனிப் பள்ளிகளில் படித்தன. 1954 மே 17 அன்று அதே நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் நிறத்தின்படி பிள்ளைகளைப் பிரிப்பது அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மிசிசிப்பி மாநிலத்து ஏழை உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவள் ரூபி.

தீர்ப்பு வந்த பின்னும் ஆறு ஆண்டுகள் நியூ ஆர்லியன்ஸ் பள்ளிகளில் எதுவும் மாறவில்லை. 1960 நவம்பர் 14 அன்றுதான் நான்கு கறுப்பினச் சிறுமியர் முதன்முதலாக வெள்ளையர் பள்ளிகளுள் நுழைந்தனர். மூவர் மெக்டோனோ 19 என்ற பள்ளிக்குச் சென்றனர். ரூபி மட்டும் தனியாக வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்கு வந்தாள். நடுவண் அரசின் காவல் அலுவலர் நால்வர் அவளை நடுவில் விட்டு நடந்தனர். வாயிலில் பெருங்கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. தவக்காலத்துக்கு முன் அந்நகர் கொண்டாடும் மார்டி கிரா களியாட்ட ஊர்வலம்தான் நடக்கிறது போலும் என்று அன்று தாம் எண்ணியதாக ரூபி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வெறுப்பின் முகம் எப்படியிருக்கும் என்பதை அந்த ஆறு வயது அதுவரை அறிந்திருக்கவில்லை.

முதல் நாள் முழுவதும் தலைமையாசிரியர் அறையிலேயே கழிந்தது. வெள்ளையினப் பெற்றோர் திரண்டு வந்து தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். மறுநாள் முதல் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை ரூபிக்குப் பாடம் நடத்தினார். வகுப்பில் வேறு எந்தப் பிள்ளையும் இல்லை. அந்தக் கல்வியாண்டு முழுவதும் ஓர் ஆசிரியை, ஒரு மாணவி. அவளுக்கு நஞ்சிடப்போவதாக ஒரு பெண் நாள்தோறும் மிரட்டினாள். சிறிய சவப்பெட்டியில் கறுப்புப் பொம்மை ஒன்றைக் கிடத்தித் தூக்கிக் காட்டினர் சிலர். தந்தை வேலையை இழந்தார். மிசிசிப்பியில் வாரத்துக்குப் பயிரிட்டுவந்த பாட்டனும் பாட்டியும் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஆயினும் ரூபி அவ்வாண்டு ஒரு நாள்கூடப் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை.

அக்காலத்தில் ரூபியின் இல்லத்துக்குச் சென்று அவளோடு உரையாடிவந்தவர் மருத்துவர் கோல்ஸ். அவளைப் படம் வரையச் சொல்வார். வெள்ளையரைப் பெரிதாகவும் முழுமையாகவும் வரைந்த அச்சிறுமி, தன்னையும் தன் இனத்தாரையும் சிறிதாக, கை விரல் போன்ற உறுப்புகள் குறைந்தவராக வரைந்தாள். வாயால் சொல்லத் தெரியாததை வண்ணக்குச்சி சொல்லிவிட்டது.

ஒருநாள் காலை ரூபி கூட்டத்தின் முன் நின்று ஏதோ பேசுவதை ஆசிரியை சன்னல் வழியே கண்டார். பின்னர் வினவியபோது, தான் அவர்களோடு பேசவில்லை என்றும், அவர்களுக்காகக் கடவுளிடம் மன்றாடியதாகவும் குழந்தை கூறினாள். அன்றாடம் பள்ளிக்கு வரும் வழியில் சொல்லும் மன்றாட்டை அன்று மறந்துபோனாளாம். நினைவு வந்த இடம் கூட்டத்தின் நடுவாக இருந்துவிட்டது. சிலுவையில் தொங்கியவாறே தம் பகைவருக்காக ஆண்டவர் மன்றாடியதைக் கற்றறிந்த நாம், அதை அக்குழந்தை செய்துகாட்டியதைப் படிக்கும்போது தலைகுனிகிறோம்.

புத்தகத்தின் புறத்தே நின்ற வரலாறு

நியூ ஆர்லியன்ஸ் கத்தோலிக்கர் மிகுந்த நகர். வாயிலில் நின்று வசைபாடியவருள் நம் திருச்சபையின் மக்களும் இருந்தனர். ஞாயிறு திருப்பலி கண்டு நற்கருணை உட்கொண்ட வாய்களே திங்களன்று அவ்வாறு கூச்சலிட்டன. சில பக்கங்களேயுள்ள படப் புத்தகத்தில் இதையெல்லாம் விரித்துரைக்க இடமில்லை. ஆனால் சிறுமியின் வினா நேராக அங்கேதான் சென்று நின்றது.

இதற்கு வேர் ஆழமானது. கறுப்பினக் கத்தோலிக்கர்க்கெனத் தனிப் பங்கு ஒன்று அம்மறைமாவட்டத்தில் 1895இல் ஏற்படுத்தப்பட்டது. பொதுவான ஆலயங்களிலோ அவர்களுக்குப் பின் இருக்கைகள். நற்கருணை வாங்குவதிலும் வெள்ளையர் வாங்கி முடிந்த பின்னரே அவர்கள் முறை.

1935 முதல் அங்குப் பேராயராக இருந்த ஜோசப் ரம்மல் இதனைக் களைய முற்பட்டார். 1948இல் குருத்துவக் கல்லூரியில் கறுப்பின மாணவர் இருவரைச் சேர்த்தார். 1953இல் ஆலயங்களில் நிறத்தின்படி இடம் பிரிக்கலாகாது எனச் சுற்றுமடல் விடுத்தார். 1955இல் ஜெசூட் பெண்ட் என்ற சிற்றூர் மக்கள் கறுப்பினக் குருவைத் திருப்பலி நிறைவேற்ற விடாது தடுத்தபோது, அக்கோயிலில் வழிபாட்டையே நிறுத்திவைத்தார். 1956 பிப்ரவரியில் வெளியிட்ட ஆயர் மடலில், நிறப்பிரிவினை அறநெறிக்கு மாறானது, பாவமானது என்று ஐயத்துக்கிடமின்றி எழுதினார்.

ஆனால் கத்தோலிக்கப் பள்ளிகளின் கதவு அப்போது திறக்கவில்லை. பொதுநிலையினர் சிலர் சங்கம் அமைத்து எதிர்த்தனர். உரோமைக்கே முறையீடு அனுப்பினர். பேராயர் தயங்கினார், தள்ளிப்போட்டார். 1960இல் ரூபி அரசுப் பள்ளியின் படிகளில் ஏறியபோது, அதே நகரின் கத்தோலிக்கப் பள்ளிகள் நிறத்தின்படி பிரிந்தே இருந்தன. பாவம் என்று மடல் எழுதப்பட்டு நான்காண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது. 1962 மார்ச்சில்தான், 85 வயதும் மங்கிய பார்வையுமாக இருந்த ரம்மல், வரும் கல்வியாண்டிலிருந்து எல்லாப் பள்ளிகளும் எல்லார்க்கும் என அறிவித்தார். மக்களைத் தூண்டிவிட்ட மூவரை, அரசியல் செல்வாக்கு மிக்க லியாண்டர் பெரெஸ் உட்பட, அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று திருச்சபையினின்று விலக்கினார். அம்மூவருள் இருவர் பின்னர் திருச்சபையோடு ஒப்புரவாயினர். செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன. நகரின் திருச்சபை செய்யத் துணியாததை ஓர் ஆறு வயதுச் சிறுமி ஏறத்தாழ ஈராண்டு முன்னரே செய்துவிட்டாள் என்பது நாம் கசப்போடு ஏற்கவேண்டிய உண்மை.

மறுபக்கமும் உண்டு. வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளியிலிருந்து தம் மகளை விலக்க மறுத்த மெதடிஸ்டு போதகர் ஒருவர் வசைகளுக்கிடையே அவளை நாள்தோறும் அழைத்து வந்தார். அவருக்குத் துணையாக உடன் நடந்தவர் ஜெரோம் டிராலெட் என்னும் கத்தோலிக்கக் குரு. கூட்டம் அவரையும் விட்டுவைக்கவில்லை.

பனியில் விளையாடிய பையன்

ரூபியின் கதை நூலாக வருவதற்கு 35 ஆண்டுகள் ஆயின. அதற்கும் காரணம் உண்டு. 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான 5,206 சிறுவர் நூல்களை நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் ஆராய்ந்து 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றுள் கதையிலோ படத்திலோ கறுப்பினக் குழந்தை ஒன்றேனும் இடம்பெற்றவை நூற்றுக்கு 6.7 மட்டுமே. புத்தகத்தில் காணப்படாத பிள்ளை, தான் உலகிலும் வேண்டாதவள் என்றே எண்ணிக்கொள்வாள். ரூபியின் ஓவியத்தில் உறுப்புகள் குறைந்துபோனதற்கு, அவள் கையில் கிடைத்த புத்தகங்களும் ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடுமன்றோ?

ரம்மல் பள்ளிகளைத் திறந்த அதே 1962ஆம் ஆண்டில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பவரின் ‘பனி நாள்’ வெளிவந்தது. போலந்திலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், 1940இல் ஓர் இதழில் கண்ட கறுப்பினச் சிறுவனின் நிழற்படங்களை வெட்டியெடுத்து, இருபதாண்டுக்கும் மேலாகப் போற்றி வைத்திருந்தார். அச்சிறுவனே இக்கதையின் பீட்டர் ஆனான். கதையில் போராட்டம் இல்லை, அநீதி இல்லை. பையன் பனியில் காலடித் தடம் பதிக்கிறான். பனியுருண்டை ஒன்றைச் சட்டைப்பையில் பதுக்கி வைக்கிறான். அது உருகிப்போனதற்காக வருந்துகிறான். அவ்வளவே. மறு ஆண்டு சிறந்த படப் புத்தகத்துக்கான கால்டிகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது. ஒடுக்கப்பட்ட பிள்ளையை ஒடுக்கப்பட்டவளாக மட்டுமே காட்டும் நூலும் ஒருவகையில் அவளைக் குறைத்தே காட்டுகிறது. அவளுக்கும் விளையாட்டு உண்டு, குறும்பு உண்டு, உருகிப்போன பனியுருண்டைக்கான அழுகை உண்டு. எனவே இருவகை நூல்களும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

இத்தகைய வரலாறு பிஞ்சு மனத்தைப் புண்படுத்தாதா என்று வினவுவோர் உளர். 2021இல்கூட டென்னசி மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில், ரூபியைப் பற்றிய நூல்களைப் பாடத்தில் வைத்தது குறித்துப் பெற்றோர் அமைப்பு ஒன்று முறையிட்டது. பெற்றோரின் கவலையை நாம் எள்ளி நகையாட விரும்பவில்லை. ஆயினும் ரூபி அந்தக் கூட்டத்தைக் கடந்தபோது அவளுக்கு வயது ஆறு. அவள் பட்டதைக் கேட்பதற்கு மட்டும் நம் பிள்ளைகள் எவ்வாறு மிகச் சிறியவராவர்?

நாம் சொன்ன ஒரு பொய்

இனி எம் கதைக்கு வருவோம். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன் ஓர் ஊரில் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தோம். பாதுகாவலர் திருவிழாவில் சப்பரப் பவனி எல்லாத் தெருக்களையும் சுற்றிவரும்; ஒரு தெருவைத் தவிர. பீடப் பணி செய்த பையன் ஒருவன் கொடியேற்றத்தன்று, “எங்க தெருவுக்கு மட்டும் ஏன் ஃபாதர் சப்பரம் வர்றதில்ல?” என்று கேட்டான். தெரு குறுகலாக இருக்கிறது, சப்பரம் திரும்பாது என்றோம். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் தெரு மற்றத் தெருக்களைவிட அகலமானது என்பது எமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மறு ஆண்டு அவன் பீடப் பணிக்கு வரவில்லை.

வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இலேயே இடிக்கப்பட்டது. அவ்வரலாற்றைக் குருத்துவக் கல்லூரியில் படித்து வந்த நாம்தான், தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிறுவனிடம் அப்படிச் சொன்னோம். ரம்மலின் தயக்கத்தைக் குறைகூற எமக்கு என்ன தகுதி? அவராவது பாவம் என்று எழுதிவிட்டுத் தயங்கினார். நாம் அதைக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தது. சிறுமி மறக்கவில்லை, முதல் வரிசையில் வந்து அமர்ந்திருந்தாள். “ஆமாம்மா, கோயிலுக்குப் போறவங்கதான்” என்றோம். ரூபியும் கோயிலுக்குப் போகிறவள்தான், அந்தப் போதகரோடு நடந்த குருவும் அப்படித்தான் என்றும் சொன்னோம். பின்னர் சப்பரத்தின் கதையையும் சொன்னோம். பிள்ளைகள் எம்மையே பார்த்துக்கொண்டிருந்தனர். “அந்த அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா, ஃபாதர்?” என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். இல்லை என்றோம்.

அன்பிற்குரிய பெற்றோரே, முதல் நற்கருணைக்கும் பிறந்தநாளுக்கும் பிள்ளைகளுக்குப் பரிசு தேடும்போது இத்தகைய நூல்களையும் எண்ணிப் பாருங்கள். வாங்கிக் கொடுத்ததோடு நில்லாது, அருகில் அமர்ந்து வாசியுங்கள். நூல் முடிந்தபின் பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை பெரும்பாலும் நம் வாழ்க்கையில்தான் இருக்கும். 1995இல் வெளிவந்த அந்நூலின் வழியாகவே ரூபியும் ஆசிரியை ஹென்றியும் 1996இல் மீண்டும் சந்தித்துக்கொண்டனர். சிறுவர் நூல் ஒன்றால் அதுவும் முடிந்தது.

அந்தப் பையன் இன்று முப்பது வயதைக் கடந்தவனாக இருப்பான். வரும் திருவிழாவுக்குமுன் அவ்வூருக்குச் சென்று அவனைத் தேடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். சென்று வந்ததும் பிள்ளைகளிடம் சொல்லவேண்டும், அவர்கள் கேட்பார்கள்.