காரம்

தென்னை நாரையும் பிசினையும் சேர்த்துப் பலகை செய்வது பற்றிய கட்டுரை ஒன்றில் ‘ஆல்கலி சிகிச்சை’ என்று கண்டேன். நாருக்கு என்ன நோய்? ஆல்கலிக்கோ காரம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! ஆனால் அதைக் கேட்டதும் இன்று மிளகாய்தான் நாக்கில் ஏறுகிறது. வடமொழி ‘க்ஷார’த்திலிருந்து வந்த காரத்துக்குப் பழைய பொருள் அரிக்கும் உப்பு, சாம்பலைக் கரைத்து வடித்தெடுத்தது. சவுக்காரம், வெங்காரம் இரண்டிலும் அந்தக் காரமே நிற்கிறது. (படிகாரத்திலும் ஒட்டிக்கொண்டது; படிகாரக் கரைசலோ அமிலத்தன்மை கொண்டது.) ஆல்கலியும் அரபியில் உவர்நிலச் செடியின் சாம்பல்தான். நாரைக் காஸ்டிக் சோடா என்னும் காரத்தின் சுமார் 5 விழுக்காடு கரைசலில் ஊறவைத்தால் மெழுகும், நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினில் ஒரு பகுதியும் கழன்று மேற்பரப்பு சொரசொரப்பாகும். பிசின் இறுகப் பற்றும், பலகை வலுப்பெறும். கரைசலின் கடுமை மிஞ்சினால் நாருக்கு வலுத்தரும் செல்லுலோஸே சிதைந்து நார் நைந்துவிடும். இப்படி அளவறிந்து செய்யும் வேலைக்குத் தோல் தொழிலின் ‘பதனிடுதல்’ நன்றாகப் பொருந்துகிறது. ‘காரப் பதனீடு’ என்றே எழுதலாம். யாரும் மிளகாயை நினைக்க மாட்டார்கள்.