மைசூர் சீமையில் ரோம் பியூட்டி

பெங்களூரில் ஒரு காலத்தில் ஆப்பிள் விளைந்தது என்று மைசூரில் சொன்னால் சிரிக்கிறார்கள். சமஸ்தான காலத்தில் அது நிஜம். லால்பாக்கை நிர்வகித்த ஜெர்மானியர் கிரும்பிகலும், அவருக்குப் பின் வந்த ஜவராயாவும் வெளிநாட்டு மரஞ்செடிகளை இந்த மண்ணுக்குப் பழக்கிய நாட்கள் அவை. இங்கே நிலைத்த ஆப்பிள் ரோம் பியூட்டி, அமெரிக்காவின் ஒஹாயோவில் தோன்றியது.

ஆப்பிள் இலையுதிர்த்து உறங்கி, மீண்டும் விழித்து மொட்டு விட, 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். மைசூரில் டிசம்பர் இரவுகூட 16 டிகிரியை ஒட்டித்தான். ஆனால் இலையைக் கையால் உருவிவிட்டால் மரம் ஏமாந்து மொட்டு விடும். ஜாவாவின் பத்து (Batu) என்ற ஊரின் மலைப்பகுதியில் இதே ரோம் பியூட்டியை இப்படித்தான் ஆண்டுக்கு இருமுறை காய்க்க வைக்கிறார்கள். இலை இலையாக உருவும் கூலியை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

நஞ்சன்கூடு சாலையில் புதுத் தோட்டம் போடும் என் மைத்துனருக்கு நான் சொன்னது இதுதான்: "அன்னா வையுங்க மாப்ளே, பக்கத்திலேயே டார்செட் கோல்டனும்." அன்னா இஸ்ரேலில் உருவானது, டார்செட் பஹாமாஸில் கிடைத்தது, இரண்டுக்கும் குளிர்த் தேவை ரோம் பியூட்டியைவிட மிகக் குறைவு. அன்னா தனியாக நின்றால் காய்ப்பு குறையும், டார்செட்டின் மகரந்தம் வேண்டும். ஹிமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூரில் ஹரிமன் சர்மா தேர்ந்தெடுத்த எச்ஆர்எம்என்-99 ரகத்தையும் பார்க்கலாம். எதுவானாலும் இங்கே இலை உருவுவது தப்பாது.

ஆசைக்கு நாலு மரம் போதும். பிழைப்புக்கு, வாடல் நோய் இல்லாத கன்றாகப் பார்த்து நஞ்சன்கூடு ரசபாளை வாழை வையுங்கள்.